ஆங்கிலோ-சாக்சன் ரூன்: வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க எத்தனை சில்லு, எந்த முறை?

தாழைமடல் (கேள்வி)

ஞாயிறு மாலை சுருக்குப்பைக்குள் கைவிட்டு ஒரு ரூன் (பழைய ஜெர்மானிய எழுத்து பொறித்த சில்லு) எடுத்து, அதை வைத்து வரப்போகும் வாரத்தை யோசிப்பது என்று ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பது கடையில் கிடைக்கிற செட்: 24 எழுத்து, கூடவே ஒரு வெற்றுச் சில்லு. அது பழைய ஜெர்மானிய வரிசை என்றும், இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன்கள் வைத்திருந்த வரிசையின் பெயர் ஃபுதோர்க் என்றும் தெரிந்ததும் அதற்கு மாறலாம் என்று தோன்றியது. தேடிப் பார்த்தால் ஓரிடத்தில் 28 என்கிறார்கள், ஓரிடத்தில் 29, இன்னோரிடத்தில் 33.

எதை எடுத்துக்கொள்வது? தலைகீழாக வந்தால் எதிர்ப் பொருளா? ஒன்று எடுப்பதா, மூன்றா? செட்டோடு வந்த கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் "பாதுகாப்பு", "வெற்றி", "தடை" என்று ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

இன்னொன்று. எந்தச் சில்லு வந்தாலும் அந்த வாரத்துக்குப் பொருந்திவிடுகிறது. அதுதான் உறுத்துகிறது. சரிபார்க்க வழி உண்டா?

எழுத்தாணி

29. ஏனென்றால் 29 எழுத்துக்குத்தான் பழைய ஆங்கிலத்தில் பாட்டு இருக்கிறது.

ரூன் பாடல் மொத்தம் 94 அடி, எழுத்துக்கு ஒரு குட்டிச் செய்யுள். அதன் ஒரே கையெழுத்துப் பிரதி இங்கிலாந்தில் காட்டன் என்பவர் பெயரிலான நூலகத்தில் இருந்தது. 1731இல் அந்த நூலகம் தீப்பிடித்தபோது அதுவும் போனது. ஆங்கில அறிஞர் ஜார்ஜ் ஹிக்ஸ் 1705இலேயே அதை அச்சில் ஏற்றியிருந்ததால் நாம் பிழைத்தோம். எழுத்துகளின் பெயர்கள் வேறொரு பிரதியைப் பார்த்துப் பிற்பாடு பக்கத்தில் சேர்க்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயரும் பாட்டும் இடிக்கிற இடத்தில் பாட்டோடு போங்கள்.

28 என்பது 1857இல் தேம்ஸ் ஆற்றில் பாட்டர்சி பக்கம் கிடைத்த நீளக் கத்தியில் பதித்திருக்கிற வரிசை. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் சில எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. 33 என்பது பாட்டிலுள்ள 29ஓடு க்வெயோர்த், கல்க், ஸ்டான், கார் என்ற நான்கையும் கூட்டி வருவது. கல்க்கும் காரும் ஸ்காட்லாந்தின் ரூத்வெல் சிலுவைக் கல்லில் நிஜமாகவே வெட்டப்பட்டவைதான். ஆனால் நான்குக்கும் இந்தப் பாடலில் செய்யுள் இல்லை. செய்யுள் இல்லாத எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு எதை யோசிப்பீர்கள்? வெற்றுச் சில்லு 1980களில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகத்தால் பரவியது. பட்டனுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தலைகீழ் விஷயம். 29இல் பத்து எழுத்தை அரைவட்டம் திருப்பினாலும் அதே உருவம்தான்: யிஃபு, ஹாகில், நீட், ஈஸ், யேர், எயோ, சிகெல், இங், டாய், இயோர். அதாவது மூன்றில் ஒரு பங்குக்குத் தலைகீழே கிடையாது. மீதி 19க்கு மட்டும் கெட்ட பொருளையும் சேர்த்தால் பை முழுக்க ஒருபக்கம் சாய்ந்துவிடும். மூன்று பல் மேல்நோக்கி நிற்கிற எயோல்க்ஸைக் கவிழ்த்தால் 33 வரிசையில் இருக்கிற கல்க் ஆகிவிடும், அது தனி எழுத்து.

தலைகீழ் தேவைப்படாததற்கு முக்கியக் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல செய்யுளில் நடுவே ஒரு "ஆனால்" வரும். ஃபெயோ என்றால் செல்வம். எல்லோருக்கும் ஆறுதல், ஆனால் இறைவன் முன் நல்ல பெயர் வேண்டுமென்றால் தாராளமாகப் பகிர வேண்டும் என்கிறது. நீட் (நம் ஊர் தேர்வோடு சம்பந்தமில்லை, இடுக்கண் என்று பொருள்) நெஞ்சை நெருக்கும், ஆனாலும் நேரத்தில் காதுகொடுத்தால் அதுவே உதவியாக மாறும். மன் என்பது மனிதன். மகிழ்ச்சியில் உறவுக்கு இனியவன், ஆனாலும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியத்தான் வேண்டும். ராட் என்பது சவாரி. கூடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மெத்தென்று இருக்கும், குதிரைமேல் மைல்கணக்கில் போகிறவனுக்குத்தான் தெரியும் அதன் கடுமை. இதில் கிண்டலே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே செய்யுளில் இருக்கும்போது சில்லைத் திருப்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் "ஆனால்" உண்டு என்று சொல்லமாட்டேன். சிகெல் (சூரியன்), டீர் (வழிகாட்டும் விண்மீன் போன்ற ஒன்று), டாய் (பகல்) மூன்றும் முழுக்க நல்லவை. தோர்ன் (முள்) முழுக்கக் குத்தும்.

வேம்படி

எழுத்து, எண்ணிக்கை பற்றி மேலே சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. செட்டை நீங்களே செய்யுங்கள், செதுக்கும்போதே வடிவம் மனதில் உட்கார்ந்துவிடும்.

பச்சைக் கிளையை வெள்ளரிக்காய் மாதிரி வட்டம் வட்டமாக நறுக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் வட்டச் சில்லு ஓரத்திலிருந்து நடுவரை பிளக்கும், பட்டையும் உரியும். காய்ந்த பலகையிலிருந்து 35 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில் ஒரு பட்டி எடுங்கள். நீளம் 75 செ.மீ. இருக்கட்டும். 22 மி.மீ.க்கு ஒன்றாக அறுத்தால், வாளின் பல் தின்பதையும் சேர்த்து 29க்கு 68 செ.மீ. போகும். மிச்சத்தில் இரண்டு உபரி.

நாரோட்டம்தான் இதில் பெரிய விஷயம். பட்டியின் நீளவாக்கில் நார் ஓடுகிறது. 35 மி.மீ. பக்கத்தை உயரமாக நிறுத்தினால் நார் இடவலமாகப் போகும். ரூனின் நெடுங்கோடு நாரைக் குறுக்கே வெட்டும், கிளைக் கோடுகள் சாய்வாக வெட்டும். ரூனில் படுக்கைக் கோடு இல்லாததற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்: நாரோடு போகிற கோடு பிளந்துகொண்டு ஓடும், அல்லது நாரோடு கலந்து மறைந்துவிடும். சில்லைத் தப்பாகத் திருப்பி, நெடுங்கோட்டை நார்ப்போக்கிலேயே வெட்டினால் கத்தி இழுத்துக்கொண்டு ஓரம்வரை போய்விடும். ஒரு சங்கடமும் உண்டு: இந்த அமைப்பில் சில்லு நாரோடு உடையக்கூடும். 6 மி.மீ.க்குக் கீழே இழைக்கவேண்டாம், சிமெண்டுத் தரையில் போடவேண்டாம்.

மா, கொய்யா, வேம்பு எதுவானாலும் சரி, நெருக்கமான நார் இருந்தால் போதும். இங்கிலாந்துப் பக்கம் கிடைக்கிற யூ மரத்தை மட்டும் தவிருங்கள். அதன் இலை, விதை மட்டுமில்லை, தூளும் நஞ்சு.

120ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 240. ஓரங்களை எல்லாச் சில்லிலும் ஒரே அளவுக்கு மழுக்குங்கள். பென்சிலால் வரைந்து, கூரான சிறு கத்தியால் கோட்டின் இருபுறமும் உள்நோக்கிச் சாய்த்து இரண்டு வெட்டு. இரண்டும் 1 மி.மீ. ஆழத்தில் சந்தித்தால் நடுவிலுள்ள மரம் நூல் மாதிரி தானாக உரிந்து வரும். வரவில்லையென்றால் ஒரு பக்க வெட்டு ஆழம் போதவில்லை. கத்தியால் நெம்பினால் ஓரம் சிதறும், திரும்ப வெட்டுங்கள்.

குழப்பம் வரும் ஜோடிகளைக் காகிதத்தில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஊர் எழுத்துக்குள் ஒரு சிறு கோடு நின்றால் யூர். தோர்னின் வயிறு கோட்டின் நடுவில், வின்னின் வயிறு உச்சியில். எஹ்ஹின் நடுவே பள்ளம், மன்னின் நடுவே பெருக்கல் குறி. ஆஷ், ஆக், ஓஸ் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள்: இரண்டு கிளையும் வெறுமனே தொங்கினால் ஆஷ், ஒன்று நுனியில் மேலே மடங்கினால் ஆக், இரண்டும் மடங்கினால் ஓஸ். இன்னொன்று, கல்வெட்டுகளில் நட்சத்திர வடிவம் பெரும்பாலும் யேருக்கு வரும். பாட்டின் வரிசையில் அதுவே இயோர், யேருக்குக் கோட்டில் கோர்த்த சாய்சதுரம். ஒரே செட்டில் இரண்டையும் நட்சத்திரமாக வெட்டிவிட்டுத் திண்டாடுபவர்கள் நிறைய.

நிறத்துக்குச் செங்காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வெட்டில் தேய்த்து, மேலே படிந்ததைத் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, விரல் எழுத்தைத் தடவி உணர்ந்துவிடும். கிளை நிறைய உள்ள எழுத்து சொரசொரப்பாக இருக்கும், ஈஸ் ஒற்றைக் கோடு என்பதால் வழவழவென்று இருக்கும். சந்தேகம் இருந்தால் 290 முறை எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுக் கலக்கி, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் சராசரி 10 வரும். 4 முதல் 16 வரை வந்தால் இயல்பு. 20ஐத் தாண்டினால் அந்தச் சில்லின் அளவிலோ ஓரத்திலோ ஏதோ இருக்கிறது. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பையை விட்டுவிட்டுத் துணியில் கவிழ்த்துப் பரப்பி எடுக்கலாம்.

ஓரெழுத்து

வாரமுறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆதாரம் என்று கேட்டால் ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதியதுதான் கையில் இருக்கிறது. பழமரக் கிளையைத் துண்டுகளாக்கி, அடையாளம் போட்டு, வெள்ளைத் துணியில் வீசுவார்களாம். ஊர்க் காரியமானால் பூசாரி, வீட்டுக் காரியமானால் குடும்பத் தலைவன், வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்று எடுத்துப் பொருள் சொல்வானாம். அந்த அடையாளம் ரூன்தானா என்று அதில் இல்லை. நம் கோயில்களில் திருவுளச்சீட்டு எடுப்பதை நினைத்துக்கொண்டால் காட்சி பிடிபடும். கூடவே ஒரு விதியும் சொல்கிறார், எனக்கு மிகப் பிடித்தது: வேண்டாம் என்று வந்துவிட்டால் அதே விஷயத்தை அன்றைக்கு மறுபடி கேட்கக் கூடாது. பிடிக்காத சில்லை உள்ளே போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கும் வழக்கத்துக்கு இது ஒன்றே மருந்து.

ஒன்றா மூன்றா என்றால், முதல் ஆறு மாதம் ஒன்று. மூன்று எடுத்தால் மூன்று செய்யுள், ஆறு படிமம். அவற்றில் ஏதோ ஒன்று எப்படியும் பொருந்தும். உங்கள் உறுத்தலுக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஒரு பக்கக் குறிப்பு, 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதலில் தேதி, ஒரு வரிக் கேள்வி. "இந்த வாரம் எப்படி இருக்கும்" என்று கேட்காதீர்கள். "இந்த வாரம் எந்த வேலையை நான் தள்ளிப்போடுகிறேன்" என்று கேளுங்கள். பிறகு சில்லை எடுத்து, கையேட்டைத் திறக்காமல் செய்யுளை உங்கள் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். மூன்றாவதாக அதிலுள்ள "ஆனால்" எது என்று ஒரு வரி. இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். கடைசியில், வாரத்துக்குள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயல். "பொறுமையாக இருப்பேன்" செல்லாது. "புதனுக்குள் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடுவேன்" செல்லும்.

ஹாகில் வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆலங்கட்டி. கையேடுகள் "அழிவு, பேரிடர்" என்று பயமுறுத்தும். பாட்டு சொல்வது என்ன? தானியங்களிலெல்லாம் வெண்மையான தானியம், வானத்து உச்சியிலிருந்து சுழன்று விழுகிறது, காற்று உருட்டுகிறது, பிறகு தண்ணீராகிறது. அவ்வளவுதான். ஆலங்கட்டியைத் தானியம் என்கிற கண் எப்படிப்பட்டது பாருங்கள். குறிப்பில் "அடிக்கும்போது ஒதுங்கி நில், கரைந்த பிறகு எது நனைந்திருக்கிறது என்று பார்" என்று எழுதலாம். அந்த வாரத்துச் செயல்: சண்டை வந்த மின்னஞ்சலுக்கு அன்றே பதில் போடாமல் இரண்டு நாள் கழித்துத் திறப்பது.

அடுத்த ஞாயிறு, புதிதாக எடுக்கும் முன், பழைய பக்கத்தின் கீழே நடந்ததை மூன்று வரியில் எழுதி 0, 1, 2 என்று மதிப்பெண் போடுங்கள். மேலே எழுதியதைத் திருத்தக் கூடாது. அதற்காகவே பேனாவில் எழுதுங்கள்.

திரும்பத் திரும்ப ஒன்றே வந்தால் மிரளாதீர்கள். வாரம் ஒன்று வீதம் 52 வாரம் எடுத்தால், எங்காவது ஒருமுறையாவது போன வாரத்துச் சில்லே மறுபடி வருவதற்கு 83 விழுக்காடு வாய்ப்பு. அதேபோல் ஓர் ஆண்டு முழுக்க எட்டியே பார்க்காத எழுத்து சராசரியாக நான்கைந்து இருக்கும். "சிகெல் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது" என்று வருந்துவதில் பொருளில்லை. மூன்று எடுத்தால் போன வாரத்து மூன்றில் ஒன்றாவது இந்த வாரமும் வருவதற்கு 29 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு ஒருமுறை போல.

தாழைமடல்

நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. எயோல்க்ஸுக்குக் கையேடு "பாதுகாப்பு" என்கிறது, பாட்டிலும் அப்படித்தானா? பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லமுடியுமா? மதிப்பெண்ணை நானே போட்டால் எல்லாவற்றுக்கும் 2 போட்டுவிடுவேன் என்று தெரியும்.

எழுத்தாணி

எயோல்க்ஸ் செய்யுளில் இருப்பது கோரை. சதுப்பில் வீடு, தண்ணீரில் வளர்ச்சி, பிடிக்கிறவன் கையைக் கிழித்து ரத்தம் வரவைக்கும். வாய்க்கால் கரையில் கோரையை வெறுங்கையால் பிடுங்கியவர்களுக்கு உரை தேவையில்லை. "பாதுகாப்பு" என்பது பழைய 24 வரிசைக்கு 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட விளக்கங்களிலிருந்து வருவது. கோரை தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சுற்றி வளைத்துச் சொல்லலாம்தான், ஆனால் செய்யுள் பேசுவது பிடிக்கிறவனின் கையைப் பற்றி. அந்த வாரக் கேள்வி: எதை அவசரப்பட்டுப் பிடிக்கப் போகிறேன்?

இதேபோல் வழுக்கும் இன்னும் சில. பெயோர்க் என்றால் பிர்ச் மரம் என்று எல்லாக் கையேடும் சொல்லும். செய்யுளோ பழமில்லாமல், விதையில்லாமல் தளிர்விடும் மரம் என்கிறது. பாப்லர் மரத்துக்குத்தான் அது பொருந்துகிறது என்பார்கள். பெயோர்த் என்ன பொருள் என்பது இன்னும் தீராத வழக்கு. செய்யுளில் தெரிவது வீரர்கள் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து விளையாடிச் சிரிப்பது மட்டும். "விதி, கருப்பை, ரகசியம்" என்றெல்லாம் ஏற்றியது பிற்காலத்தவர். அந்த வாரம் யாரோடு சேர்ந்து சிரித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். ஊர் என்பது நம் ஊர் இல்லை, கொம்புள்ள பெரிய காட்டெருது. யேர் மட்டும் நமக்கு எளிது: அறுவடை, ஏர் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரெழுத்து

சரிபார்ப்புக்கு ஒரு வழி. ஞாயிறன்று உங்கள் சில்லை எடுத்த பிறகு, இரண்டாவது ஒன்றைப் பார்க்காமல் எடுத்து உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த ஞாயிறு, வாரத்தில் நடந்ததை ரூன் பெயர், படிமம் எதுவும் இல்லாமல் நான்கைந்து வரியில் தனித்தாளில் எழுதுங்கள். "கரைந்தது", "குத்தியது" மாதிரிச் சொல் நுழைந்தால் துப்பு கிடைத்துவிடும். உறையைத் திறந்து, இரண்டு செய்யுளையும் அந்தத் தாளையும் வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து எது பொருந்துகிறது என்று கேளுங்கள். எது எந்தச் சில்லு என்று அவருக்குத் தெரியக் கூடாது. 12 வாரம் செய்தால் குருட்டாம்போக்கில் 6 சரியாக வரும். 10 அல்லது அதற்கு மேல் குருட்டாம்போக்கில் வர 2 விழுக்காடுதான் வாய்ப்பு. அந்தப் பக்கம் போகவில்லையென்றால் சில்லு வாரத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஞாயிறன்று ராட் எடுத்தவர் அந்த வாரம் பயணங்களைக் கூடுதலாகக் கவனிப்பார், அதையே எழுதுவார். அப்படி 10 வந்தால் உங்கள் கவனத்தைச் சில்லு திருப்பியிருக்கிறது என்று பொருள். சுயபரிசீலனைக்கு அதுவே போதும், குறி பலித்ததாக மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

எது வந்தாலும் பொருந்துவதற்குப் பெயரே உண்டு: ஃபோரர் விளைவு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியாக எழுதியது போல் கொடுத்தார். தங்களுக்குப் பொருந்துவதாக 5க்குச் சராசரி 4.26 போட்டார்கள். "உங்களுக்குள் பயன்படுத்தாத திறமை இருக்கிறது" மாதிரி வாசகங்கள். கையேட்டின் ஒற்றைச் சொற்களும் அதே வகை. "பாதுகாப்பு" எந்த வாரத்துக்குத்தான் பொருந்தாது? கையைக் கிழிக்கிற கோரை எல்லா வாரத்துக்கும் பொருந்தாது. படிமம் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தவறவும் முடியும்.

கல்மேடை

குறுக்கே வருகிறேன். ஆங்கிலோ-சாக்சன்கள் வாராவாரம் ரூன் எடுத்துக் குறி பார்த்தார்கள் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம், அதற்குச் சான்று இல்லை. டாசிட்டஸ் பேசுவது நானூறு ஐநூறு ஆண்டு முந்திய, ஐரோப்பாக் கண்டத்து ஜெர்மானியர்களை. ரூன் பாடலை எழுதியவரும் கிறிஸ்தவர், அந்தச் செய்யுள்களில் "ஆண்டவர்" அடிக்கடி வருகிறார்.

ரூனில் மந்திர வாடை இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1817இல் இங்கிலாந்தின் கார்லைல் அருகே கிடைத்த தங்க மோதிரத்தில் 30 ரூன் இருக்கிறது, படித்தால் பொருள் வராத சொற்கள். ரத்தம் நிறுத்தும் மந்திரம் என்று கருதுகிறார்கள். ஆங்கிலோ-சாக்சன் துறவி பீட் எழுதிய வரலாற்றில், 679இல் டிரென்ட் ஆற்றங்கரைப் போரில் சிறைப்பட்ட இம்மா என்பவனின் விலங்கு தானாகக் கழன்றுகொண்டே இருக்கிறது. அவிழ்க்கும் எழுத்து ஏதாவது வைத்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ரூன் என்ற சொல்லே வருகிறது. (சகோதரன் தனக்காகப் பூசை செய்ததால்தான் கழன்றது என்பது இம்மாவின் பதில்.)

சீட்டுப் போடுவதைப் பற்றி மடாதிபதி ஆல்ஃப்ரிக் ஒரு பிரசங்கத்தில் சொன்னது உங்கள் பழக்கத்துக்குப் பக்கத்தில் வரும்: சகுனம், சூனியம் எல்லாம் கூடாது, ஆனால் உலகக் காரியங்களில் எதையாவது பங்குபோட வேண்டியிருந்தால் சூனியம் கலக்காமல் சீட்டுப் போடலாம், அது குறி பார்ப்பதாகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வித்தியாசத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்.

தாழைமடல்

கடைசி ஒன்று. ஏயர் என்றால் சவக்குழியாமே. வீட்டில் அம்மாவுக்குச் சொன்னதும் "அந்தச் சில்லை முதலில் வெளியே எறி" என்கிறார். 28ஆக வைத்துக்கொண்டால் தவறா?

எழுத்தாணி

அம்மா சொன்னால் எடுத்துவிடுங்கள். ஆனால் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "28, ஏயர் இல்லை" என்று எழுதி வையுங்கள், பின்னால் எண்ணிக்கை பார்க்கும்போது கணக்கு உதைக்கும். உள்ளே வைத்திருந்தால் ஓராண்டில் ஒருமுறையாவது வருவதற்கு 84 விழுக்காடு, ஆகவே வராது என்ற நம்பிக்கையில் வைக்காதீர்கள்.

வைப்பதானால், செய்யுள் யாருடைய சாவையும் முன்னறிவிக்கவில்லை என்பதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். உடல் குளிர்ந்து வெளிறிய மண்ணைப் படுக்கைத் துணையாக ஏற்கிற நாள் எல்லோருக்கும் கொடிது, பழங்கள் உதிரும், மகிழ்ச்சிகள் போகும், உடன்படிக்கைகள் முறியும் என்கிறது. பாடலின் கடைசிச் செய்யுள் இது. வாரக் குறிப்பில் அந்தக் கடைசி மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: முடிந்துபோன பிறகும் நீங்கள் இன்னும் மாதாமாதம் பணமோ நேரமோ கட்டிக்கொண்டிருப்பது எது? செயல் வரியில் அதை நிறுத்துகிற கிழமையை எழுதுங்கள்.

வேம்படி

எடுத்தால் எறியவேண்டாம், உபரிச் சில்லோடு போட்டு வையுங்கள். பின்னால் புதிதாகச் செதுக்கிச் சேர்த்தால் மற்ற 28ம் கை பட்டு மழுங்கியிருக்கும், புதிய ஓரம் விரலுக்குத் தெரிந்துவிடும்.